இருபது மாதப் பிள்ளையும் நாள் முழுவதும் ஓடும் தொலைக்காட்சியும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தக்கலை மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இந்த வாரத்தோடு 20 மாதம் நிறைகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகில் கணவரின் பெற்றோருடன் ஒரே வீட்டில் வசிக்கிறோம். காலை ஆறரை மணிக்கு மாமா செய்திக்காகத் தொலைக்காட்சியைப் போட்டால், இரவு பத்து மணிக்கு மாமியின் கடைசி சீரியல் முடியும்வரை அது அணைவதே இல்லை. பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்தே இருக்கிறான் என்று சொல்ல முடியாது. விளையாடுகிறான், விளம்பரப் பாட்டு கேட்டால் திரும்பிப் பார்க்கிறான், மறுபடியும் விளையாடப் போய்விடுகிறான். ஆனால் கஞ்சி ஊட்டும்போது மட்டும் குழந்தைப் பாட்டுகளைப் போட்டே ஆக வேண்டும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிக் கஞ்சி ஒரு கிண்ணம் உள்ளே போவதற்குள் ஆறு பாட்டுகள் முடிந்துவிடும்.

நான் நாகர்கோவிலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டு மணிப் பேருந்தில் போனால் வீடு திரும்ப மாலை ஏழாகிவிடும். அதுவரை அவனைப் பார்த்துக்கொள்வது மாமியும் மாமாவும்தான். அவர்கள் இல்லாவிட்டால் நான் வேலைக்கே போக முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்போது அவன் சொல்லும் சொற்கள் ‘அம்மா’, ‘பாட்டா’, ‘காக்கா’, ‘தா’, ‘போ’ ஆகிய ஐந்துதான். ‘ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும், இவன் அப்பனும் அப்படித்தான்’ என்கிறார் மாமி. அவர் குழித்துறைப் பக்கத்தில் பிறந்தவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். வீட்டில் இரண்டு மொழி கேட்பதால்தான் பிள்ளை குழம்பிப் போயிருக்கிறது என்று சொல்லும் உறவினர்களும் உண்டு. எனக்குத் தொலைக்காட்சியின் மீதுதான் சந்தேகம். என் சந்தேகம் சரிதானா என்பதும், பிள்ளையை வளர்த்துத் தருகிற பெரியவர்களின் மனம் நோகாமல் அதை எப்படிக் குறைப்பது என்பதும்தான் என் கேள்விகள்.

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

சகோதரி, செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சித் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காத குழந்தையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரை அறவே வேண்டாம், ஒரு வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைக்கப்படவில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று அது சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதுவே. இரண்டு வயதுக்குக் கீழே உறவினருடன் எப்போதாவது பேசும் காணொளி அழைப்புக்கு மட்டும் அது விலக்கு அளிக்கிறது.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை நான் அதிகம் யோசிப்பது அந்த ஆறு பாட்டுகளைப் பற்றி அல்ல. ‘அவன் பார்ப்பதில்லை, விளையாடிக்கொண்டுதான் இருக்கிறான்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் மீதி நேரத்தைப் பற்றித்தான். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள 50 குழந்தைகளைப் பொம்மைகளுடன் ஒரு மணி நேரம் விளையாடவிட்டு, அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை அருகில் ஓடவிட்டார்கள். குழந்தைகள் திரையைச் சில நொடிகள்தான் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தும் ஒரே பொம்மையோடு அவர்கள் தொடர்ந்து விளையாடிய நேரம் குறைந்தது, கவனம் குவிந்திருந்த நேரமும் குறைந்தது. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில் இரண்டு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள 329 குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தினார்கள். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் பேசுவதாகக் குழந்தையின் காதில் விழுந்த சொற்கள் 770 வீதம் குறைந்திருந்தன. தொலைக்காட்சி பேசும்போது வீட்டில் உள்ளவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் இதன் சூட்சுமம். நாள் முழுவதும் ஓடும் வீட்டில் இது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

இரண்டு மொழியால் பேச்சு பிந்தும் என்பது தவறான எண்ணம். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுத்தான் வளர்கிறார்கள். மாமி மலையாளம் கலந்தே பேசட்டும், நிறையப் பேசட்டும்.

முதலில் செவித்திறனைச் சோதியுங்கள். பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்தது என்பது போதாது; பின்னால் அடிக்கடி சளி பிடித்த குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வது உண்டு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்பதையும் எழுதுங்கள்.

மார்த்தாண்டம் தந்தை எழுதியது:

பயிற்சியாளர் ஐயாவின் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த விவாதங்களில் எப்போதும் தொலைக்காட்சி குற்றவாளிக் கூண்டில் ஏறிய பிறகுதான் விசாரணையே தொடங்குகிறது. பிள்ளையோடு குறைவாகப் பேசும் வீட்டில் தொலைக்காட்சி அதிகம் ஓடக்கூடும். எது காரணம், எது விளைவு என்பதை எப்படிப் பிரிப்பது? 2011இல் வந்த ஓர் ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் வேகமாகக் காட்சி மாறும் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்ததும் பொறுமையையும் நினைவையும் சோதிக்கும் பணிகளில் பின்தங்கினார்கள் என்பது அதன் முடிவு. ஆய்வில் இருந்த பிள்ளைகளே மொத்தம் 60 பேர், கார்ட்டூன் பார்த்தது அவர்களில் ஒரு பகுதியினர்தான். சோதித்தது பார்த்து முடித்த உடனே. மறுநாள் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று அது சொல்லவில்லை.

எங்கள் தலைமுறை 1980களின் பிற்பகுதியில் ஆண்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பி வைத்துத் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்ததுதான். என் மகள் ஆங்கில எழுத்துகளையும் நிறங்களையும் தொலைக்காட்சியில்தான் கற்றாள், எல்.கே.ஜி. சேரும் முன்பே ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு வாக்கியம் பேசினாள்.

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

நான் தொடக்கப்பள்ளியில் 34 ஆண்டுகள் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள். மார்த்தாண்டம் தம்பி சொல்லும் அந்தத் தூர்தர்ஷன் காலத்தில் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஒளிபரப்பு இருந்தது என்பதை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று கிடைத்தது வாரத்தில் சிறிது நேரம். மீதி நேரம் திரையில் ஒன்றும் இருக்காது, அல்லது மின்சாரம் இருக்காது. நாம் பார்த்து வளர்ந்தோம் என்பதைவிட, பார்க்கக் கிடைக்காமல் வளர்ந்தோம் என்பதே அதிகம் பொருந்தும்.

சோறூட்டும் விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டினீர்களே, அதுவும் பராக்குக் காட்டுவதுதானே’ என்று என் மருமகள் ஒரு முறை கேட்டாள். நல்ல கேள்விதான், பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நிலா தானாகப் பாடாது, நிறம் மாறாது, அடுத்த நிலாவைக் கொண்டுவந்து காட்டாது. அதை வைத்துக்கொண்டு பிள்ளையின் வாயைத் திறக்கவைக்க வேண்டுமானால் ஊட்டுகிறவள் பேசித்தான் ஆக வேண்டும். ‘அந்தா பார்’ என்று அவள் விரல் நீட்டுகிறாள், பிள்ளை விரலைப் பார்த்து, பிறகு வானத்தைப் பார்த்து, மறுபடி அவள் முகத்தைப் பார்க்கிறது. பயிற்சியாளர் கேட்ட சுட்டிக் காட்டும் பழக்கம் அங்கேதான் பிள்ளைக்கு வருகிறது. பாட்டுக் காணொளி ஓடும்போது ஊட்டுகிறவள் வாய் மூடியிருக்கிறாள், ஊட்டிக்கொள்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா என்பதும் தெரிவதில்லை.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் வைத்தார்கள் அல்லவா? மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி, ஐந்தாம் மாதச் செங்கீரை, ஏழாம் மாதத் தாலாட்டு, ஒன்பதாம் மாதத்தில் கை கொட்டும் சப்பாணி, பிறகு முத்தம், ஓராண்டு கடந்ததும் ‘வா’ என்று அழைக்கும் வருகை, அதன்பின் அம்புலி என்று 21ஆம் மாதம் வரை செல்லும் கணக்கு அது. உலக நிறுவனங்கள் திரை வேண்டாம் என்று சொல்லும் வயதும் ஏறக்குறைய அதுதான் என்பதை இந்த இழையைப் படிக்கும்போதுதான் கவனித்தேன். முத்தம் தா, கை தட்டு, நடந்து வா, நிலாவே நீயும் வா என்று எதை எடுத்தாலும் எதிரில் ஒரு ஆள் இருந்து கேட்பதும், பிள்ளை அதற்கு ஒன்று செய்வதுமாகவே இருக்கிறது.

அருமனை அக்கா எழுதியது:

டீச்சர் எழுதியதைப் படிக்க அழகாக இருக்கிறது. என் தாய் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர். காலையில் போய் மாலையில் கறை படிந்த விரல்களோடு வருவார். நிலா காட்டிச் சோறு ஊட்டியது என் அக்கா, அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான் கிடைத்தது.

இப்போது என் கணவர் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார். நான் வீட்டிலிருந்தே துணி தைக்கிறேன். கைச்சுவர் தாழ்ந்த கிணறு ஒன்று முற்றத்தில் இருக்கிறது, விறகடுப்பு பின்பக்கம் எரிகிறது, தையல் இயந்திரத்தில் ஊசி ஓடுகிறது. இரண்டு வயது மகளை முக்கால் மணி நேரம் ஓரிடத்தில் இருத்திவைக்கத் தொலைக்காட்சியைத் தவிர எனக்கு ஆள் இல்லை. இது தவறு என்று எழுதுவோர், அந்த முக்கால் மணி நேரம் என் மகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும். தக்கலைத் தங்கையின் மாமிக்கும் முட்டு வலி இருக்கக்கூடும். ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் நாள் முழுவதும் அவர் ஓட முடியாது.

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

அருமனை அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறுத்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒன்றை, முடியும் நேரம் தெரிந்து முக்கால் மணி நேரம் காட்டுவது வழிகாட்டுதல் சொல்லும் அளவுக்கு உள்ளேயே வருகிறது. கிணற்றடியில் விடுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். இரண்டு வயது நிறைந்தவர்களை அங்கன்வாடியிலும் சேர்க்கலாம். அங்கே மதிய உணவும் கூட்டுக்குப் பிள்ளைகளும் உண்டு. நான் குறை சொல்வது யாரும் பார்க்காமல் காலை முதல் இரவு வரை ஓடுவதைத்தான்.

மார்த்தாண்டம் தந்தைக்கு: காரணம் எது, விளைவு எது என்ற உங்கள் கேள்வி சரியானது. பழக்கத்தை மட்டும் கணக்கெடுக்கும் ஆய்வுகளால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்துச் செய்த சோதனைகளும் உண்டு. 2003இல் வெளியான ஒன்றில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து பன்னிரண்டு முறை கதை படித்து விளையாட்டுக் காட்டினார்கள். வேறொரு பகுதியினருக்கு அதே ஆட்களின் பேச்சைத் திரையில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்கள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரையில் கேட்டவர்கள் எதுவும் கற்கவில்லை. 2010இல் வெளியான இன்னொன்றில், 12 முதல் 18 மாதக் குழந்தைகள் சொல் கற்பிக்கும் குறுந்தகடு ஒன்றை நான்கு வாரம் வீட்டில் பார்த்தார்கள். பார்க்காதவர்களைவிட அவர்கள் அதிகம் கற்கவில்லை. குறுந்தகடே இல்லாமல் அதே சொற்களைப் பெற்றோர் சொல்லிக் கொடுத்த குழுவே முன்னால் நின்றது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: குறுந்தகட்டை எந்தப் பெற்றோருக்கு மிகவும் பிடித்திருந்ததோ, அவர்கள்தான் தம் குழந்தை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள்.

உங்கள் மகள் கற்றது உண்மையாகவே இருக்கும். மூன்று வயதுக்கு மேல் நல்ல நிகழ்ச்சியால் பலன் உண்டு. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் 1969 முதலே அந்த வயதை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. இரண்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. அடுத்த அறையில் பொம்மையை ஒளித்துவைப்பதைத் திரையில் காட்டினால் அந்த வயதில் பெரும்பாலும் போய் எடுக்கத் தெரியாது. அதையே கண்ணாடி ஜன்னல் வழியாகக் காட்டினால் எடுத்துவிடும். இரண்டரை வயதில் திரையில் பார்த்தும் எடுக்கத் தொடங்கும். பார்த்ததைத் தன் உலகத்தோடு பொருத்துவதற்கு அந்த ஆறு மாதம் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி பார்த்தால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மரபணு சார்ந்த வளர்ச்சி வேறுபாடு. அந்த வேறுபாடு உள்ள குழந்தைகள் திரையின்பால் கூடுதலாக ஈர்க்கப்படலாம். ‘தொலைக்காட்சியை அணைத்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருந்து இரண்டு ஆண்டுகளை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

குளச்சல் – மஸ்கட் எழுதியது:

காணொளி அழைப்புக்கு விலக்கு உண்டு என்று படித்ததும் எனக்கு மூச்சு வந்தது. மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது மஸ்கட்டுக்கு வந்தேன். இப்போது அவளுக்கு 22 மாதம். என்னை அவள் அறிந்திருப்பதே அந்தத் திரையில்தான்.

நான் கண்டதைச் சொல்கிறேன். முதலில் நானே பேசிக்கொண்டிருப்பேன். அவள் அரை நிமிடத்தில் எழுந்து போய்விடுவாள். பிறகு என் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். மகள் புட்டைக் கையில் எடுத்துத் திரையில் என் வாய்க்கு நேரே நீட்டுவாள், நான் இங்கே வாயைத் திறந்து மெல்வேன், ‘இன்னும்’ என்பேன். அவளும் ‘இன்னும்’ என்று சொல்லத் தொடங்கினாள். அது அவள் என்னிடம் கற்ற முதல் சொல். இணைப்பு தடைபட்டு நான் மெல்வது நான்கு நொடி பிந்தி வந்தால் அந்த மாயம் கலைந்துவிடுகிறது. அவள் முகம் திருப்பிக்கொள்கிறாள். ஏன் என்று அறிந்தவர்கள் விளக்கலாம்.

பேச்சுப் பயிற்சியாளர் எழுதியது:

நீங்களே விடை சொல்லிவிட்டீர்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகள், நேரடிக் காணொளி அழைப்பில் தங்களுக்கு மறுமொழி சொன்னவரிடமிருந்து புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள். அதே ஆள் வேறு குழந்தையோடு பேசிய பதிவைக் காட்டியபோது கற்கவில்லை. மறுமொழி உடனே வரவேண்டும் என்பதை உங்கள் மகள் ஆய்வு எதுவும் படிக்காமலே கண்டுகொண்டாள்.

தக்கலை மருமகள் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பெயர் சொன்னால் சில வேளை திரும்புவான், சில வேளை திரும்ப மாட்டான், சுட்டிக் காட்டுவான். செவிச் சோதனை செய்தோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது, இடப்பக்கம் அதிகம் என்றார்கள். பெரும்பாலும் தானே வடிந்துவிடும், மூன்று மாதம் பார்த்துவிட்டு மறுபடி சோதிப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆக, நான் தொலைக்காட்சியின் மீது போட்ட பழி முழுவதும் அதற்கு உரியது இல்லை. ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார்: காது பாதி அடைத்திருக்கும் பிள்ளைக்கு, பின்னால் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் நாம் பேசுவது சொல்லாகவே போய்ச் சேராது. மருத்துவர் வாயால் வந்ததால் மாமா அன்று மாலையே அணைத்துவிட்டார். நான் ஐந்து மாதமாகச் சொன்னது எங்கே போனதோ தெரியவில்லை.

இப்போது காலையில் மாமா செய்தித்தாளை அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்கப் படிக்கிறார். தங்கம் விலையும் அணை நீர்மட்டமும் என் மகனுக்கு அத்துபடி. மாமியின் சீரியல்களில் மதியம் வருவது பிள்ளை தூங்கும் நேரத்தில் அமைந்துவிட்டது. இரவு எட்டரை மணி சீரியல் ஒன்றை மட்டும் விடமுடியாது என்று மாமி சொல்லிவிட்டார். அந்த அரை மணி நேரம் நான் அவனைத் திண்ணைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். கஞ்சிதான் பெரிய போராட்டமாக இருந்தது. முதல் நான்கு நாள் பாதிக் கிண்ணம்கூட இறங்கவில்லை, மாமி அழுதே விட்டார். ஐந்தாம் நாள் பசித்து அவனே கரண்டியைப் பிடுங்கினான். புதிய சொற்கள் எட்டு வந்திருக்கின்றன. அவற்றில் மூன்று மலையாளம்.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிவிட்டது. முற்றத்தில் விட முடியாமல் நாள் முழுவதும் வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மாமியின் கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது. மழை நாளுக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

சுசீந்திரம் டீச்சர் எழுதியது:

பெரிதும் சிறிதுமாகப் பத்துச் சிரட்டைகளை (கொட்டாங்கச்சிகளை) ஓரம் தேய்த்துக் கொடுங்கள், ஒரு உருளியில் இரண்டு விரல் அளவு தண்ணீர் விடுங்கள், பக்கத்தில் மாமியை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். ஊற்றுவதும் கவிழ்ப்பதுமாக ஒரு மணி நேரம் ஓடும். மாமி எழுந்து ஓட வேண்டாம். ‘வெள்ளம்’, ‘நிறைஞ்சு’, ‘கொட்டு’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் போதும். தண்ணீர் வைத்த இடத்தை விட்டு ஒரு நிமிடமும் நகரக் கூடாது, அது முக்கியம்.

மார்த்தாண்டம் தந்தை எழுதியது:

தரை நனையும் என்று என் மனைவி இப்போதே எச்சரித்துவிட்டார். ஆனாலும் என் இளைய மகனுக்குப் பதினான்கு மாதம். சிரட்டை தேய்க்க உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையாம் நம்பர் உப்புத்தாள் வாங்க வேண்டும், டீச்சர்?